வாயிலில் யார் பெயர்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சரடோகா பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான தேசியக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1999இல் திறந்தபோது அதற்கு ஊர்ப் பெயர்தான். 2002இல் அந்தப் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரைச் சேர்த்தார்கள். 2001 அக்டோபரில் இறந்துபோன ஜெரால்டு சாலமனின் பெயர் அது. இருபது ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்தவர், குடியரசுக் கட்சிக்காரர்.

இதில் நமக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். செத்த பிறகும் சாதி பார்க்கிற மண்ணில் வாழ்கிறவர்களுக்கு, எந்த நாட்டு இடுகாட்டின் கதையும் அந்நியமானது அல்ல.

முதலில் சாலமனுக்கு உரியதைச் சொல்லிவிடுவோம். கொரியப் போர்க் காலத்தில் மரைன் படையில் பணியாற்றியவர். படைவீரர் நலனுக்கென்று தனி அமைச்சகம் வேண்டும் என்று சபையில் முன்நின்று வாதாடியவர். 1988இல் அதற்கான சட்டமும் வந்தது. அவரை அடக்கம் செய்திருப்பதும் அதே தோட்டத்தில்தான். படைவீரர்கள் அவரை நன்றியோடு நினைப்பதில் தவறே இல்லை.

ஆனால் அவருடைய இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். 1982இல் அவர் பெயராலேயே அறியப்படும் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கட்டாய ராணுவ சேவைக்கான பதிவேட்டில் பெயர் பதியாத இளைஞருக்கு அரசின் கல்வி உதவி கிடையாது என்பது அன்று அதன் சாரமாக இருந்தது. அப்பா கட்டணம் கட்டிவிடும் வீட்டுப் பையனுக்கு இது உறைத்திருக்குமா? உதவித்தொகை இல்லாவிட்டால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவனுக்குத்தான் உறைத்திருக்கும். நம் பிள்ளைகளின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையோடு இப்படி ஒரு நிபந்தனையைக் கட்டினால் அது யார் கழுத்தை இறுக்கும் என்று நமக்குத் தெரியாதா?

ஒரு தலைவரின் பெயரை வைக்கும்போது அவருடைய அரசியலும் சேர்ந்தே வருகிறது. கட்டடத்துக்கோ சாலைக்கோ வைத்தால் அதை ஏற்பதும் எதிர்ப்பதும் உயிரோடு இருப்பவர்கள் பாடு. கல்லறைத் தோட்டம் அப்படியல்ல. அங்கே படுத்திருப்பவர்கள் ஒரே கட்சிக்காரர்கள் இல்லை. எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவும் அவர்களால் முடியாது.

தேசியக் கல்லறைத் தோட்டங்களின் சிறப்பே வேறு. தளபதிக்கும் சிப்பாய்க்கும் அரசு தரும் கல் ஒன்றுதான். நிமிர்ந்து நிற்கும் பளிங்குக் கல் என்றால் எல்லோருக்கும் 42 அங்குல நீளம், 13 அங்குல அகலம். பதவியைக் கல்லில் பொறிக்கலாம். கல்லைப் பெரிதாக்க முடியாது. சமத்துவத்தை இவ்வளவு எளிமையாகக் காட்டும் இடம் அரிது. அந்த இடத்தின் வாயிலில் ஒருவர் பெயரை மட்டும் பெரிதாக எழுதுவது அந்தக் கற்கள் சொல்லும் செய்தியைக் கெடுக்கிறது.

அந்தச் சமத்துவமும் சும்மா வந்ததில்லை. 1948 வரை கறுப்பின வீரர்களைத் தனிப் பகுதியில் புதைப்பது வழக்கமாக இருந்தது. பெலிக்ஸ் லொங்கோரியா 1945இல் பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் இறந்தார். 1949இல் அவர் உடலைச் சொந்த ஊரான டெக்சாஸின் திரீ ரிவர்ஸுக்குக் கொண்டுவரவிருந்த நேரத்தில், வெள்ளையர்கள் விரும்பமாட்டார்கள் என்று சொல்லி, இறுதிச் சடங்குக் கூடத்தைத் தர அதன் உரிமையாளர் மறுத்தார். லொங்கோரியா மெக்சிகோ வழிவந்தவர், அதுதான் காரணம். அன்று செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டு ஆர்லிங்டனில் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்.

1951இல் ஜான் ரைஸ். கொரியாவில் இறந்த பழங்குடி வீரர். அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் சடங்கு முடிந்து, குழியில் இறக்கும் முன் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தனியார் கல்லறையில் வெள்ளையர்களுக்கு மட்டும்தான் இடமாம்! அதிபர் ட்ரூமன் அவருக்கும் ஆர்லிங்டனில் இடம் கொடுத்தார்.

2004இல் திரீ ரிவர்ஸ் தபால் நிலையத்துக்கு லொங்கோரியாவின் பெயரை வைக்கலாம் என்று ஒரு கோரிக்கை எழுந்தது. ஊரில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். பெயர் வைக்கப்படவில்லை. புதைக்க மறுத்த காலம் போய், பெயரை எழுத மறுக்கும் காலம் வந்திருந்தது.

நமக்கு இது புதிதா? 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோது, அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்றது ஆதிக்கச் சாதி. கலவரம் வெடித்தது. கடைசியில் மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயர் வரும்வரை தலைவர்களின் பெயர்கள் யாருக்கும் உறுத்தவில்லை.

2016 ஜூனில் காஷ்மீரின் பாம்பூரில் கொல்லப்பட்ட சி.ஆர்.பி.எஃப். வீரர் ஒருவரின் உடல், உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்தில் உள்ள அவருடைய ஊருக்கு வந்தது. பொது நிலத்தில் எரிக்கக்கூடாது என்று ஊரின் ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. தேசியக் கொடி போர்த்திய உடலுக்கே இந்த நிலை.

எனவே என் கருத்து இதுதான். படைவீரர் கல்லறைத் தோட்டத்துக்கு ஊரின் பெயரே போதும். அதற்காக உழைத்த உறுப்பினருக்கு உள்ளே ஒரு கல்வெட்டு வைக்கலாம், அலுவலகக் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டலாம். ஒரு மனிதரின் பெயர் வாயிலில் இருந்தே ஆக வேண்டுமென்றால், எந்த வாயில் யாருக்கு மூடப்பட்டதோ அவர் பெயரை அங்கே எழுதுங்கள். லொங்கோரியா என்றோ ரைஸ் என்றோ எழுதினால், உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்தப் பெயருக்கான காரணத்தைக் கேட்பார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அரசுக்கும் வரும்.