ஒப்புக்கு ஓர் ஆசிரியர்



'ஒப்புக்குச் சப்பாணி' என்றொரு வழக்கு நம்மிடையே உண்டு. ஆட்டத்தில் ஒருவனைச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஆட்டமோ கணக்கில் வராது. பணியிடங்களிலும் இத்தகைய நிலை உண்டு. 'எங்களிடம் அந்தப் பிரிவினரும் இருக்கிறார்' என்று காட்டுவதற்காகவே ஒருவரை அமர்த்துவதைப் பெயரளவுப் பிரதிநிதித்துவம் என்பர். அவ்வாறு அமர்த்தப்பட்டவர் ஓர் ஆசிரியரானால் அவர் உள்ளம் என்ன உணரும்? அதனை அளந்தறிய இயலுமா?

இவ்வாராய்ச்சிக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர். பெரிய தொழில் நிறுவனம் ஒன்றில், 300 பேர் கொண்ட விற்பனைப் பிரிவில் 20 பெண்களே பணியாற்றிய நிலையை ஆராய்ந்து, 1977இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரு பிரிவினர் 100க்கு 15 பேர் என்னும் அளவுக்குள் இருக்கும்போது மூன்று விளைவுகள் தோன்றும் என்றார் அவர். முதலாவது, எல்லாக் கண்களும் அவர்மீதே இருக்கும். அவர் செய்யும் பிழை அவருடைய இனத்தின் பிழையாகிவிடும். இரண்டாவது, பெரும்பான்மையினர் தமக்குள் நெருங்கி, அவரை வெளியே நிறுத்துவர். மூன்றாவது, அவருடைய திறமை எதுவாயினும், 'இவர்கள் இதற்குத்தான் பொருத்தம்' என்ற வார்ப்புக்குள் அவரை அடைத்துவிடுவர்.

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்கள் இம்மூன்றையும் அறிவார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. 1965க்குள் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பணியிழந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர். 2020-21 கல்வியாண்டில் அந்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 100க்கு 80 பேர் வெள்ளையர். கறுப்பினத்தவர் 6 பேரே. எனவே பல பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர் தனியொருவராக நிற்கிறார். அவர் ஆடவரானால், கற்பிக்கும் ஆற்றலை விட, அடங்காத மாணவர்களை அடக்கும் பணிக்கே அவரை நாடுகின்றனர்.

அப்படியானால் தலைகளை எண்ணினால் போதாதா? போதாது. தொடக்கப்பள்ளி ஆசிரியப் பணியில் ஆண்கள் மிகச் சிலர். ஆயினும், பெண்கள் மிகுந்த பணிகளில் சேரும் ஆண்கள் ஒதுக்கப்படுவதற்கு மாறாக மேற்பதவிகளை நோக்கித் தள்ளப்படுகின்றனர் என்று 1992இல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் எடுத்துக்காட்டினார். எண்ணிக்கையில் சிறுமை ஒன்றே. ஒருவருக்கு அது சுமை, மற்றவருக்கு ஏணி. ஆகவே சம்பந்தப்பட்டவரையே கேட்டாக வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. 'நீங்கள் ஒப்புக்கு வைக்கப்பட்டிருக்கிறீர்களா?' என்று நேரே வினவினால், தன்மானம் உள்ளவர் எவரும் 'ஆம்' என்னமாட்டார். எனவே 'என் சிறு தவறும் மற்றவர் தவற்றை விட அதிகம் பேசப்படுகிறது', 'முடிவெடுக்கும் கூட்டங்களில் என் கருத்து ஏற்கப்படுகிறது' என்பன போன்ற வாக்கியங்களை அளித்து, முற்றிலும் உடன்பாடு முதல் முற்றிலும் மறுப்பு வரை ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்வர். 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் வகுத்த முறை இது. ஒவ்வொரு விளைவுக்கும் பல வாக்கியங்கள் வேண்டும். சில நன்மையைச் சொல்வனவாகவும் சில குறையைச் சொல்வனவாகவும் அமைய வேண்டும். இல்லையேல் படிக்காமலே 'ஆம், ஆம்' என்று குறித்துச் செல்வோரைக் கண்டுபிடிக்க இயலாது. அதே வினாத்தாளைப் பெரும்பான்மை ஆசிரியர்களுக்கும் கொடுக்க வேண்டும். எல்லா ஆசிரியருக்கும் உள்ள சலிப்பு எது, தனித்து நிற்பவருக்கே உரிய வேதனை எது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

இங்கேதான் பெருஞ்சிக்கல் எழுகிறது. வினாத்தாளில் பெயர் கேட்பதில்லை. ஆனால் இனம், பாடம், பணியாண்டு ஆகியவற்றைக் கேட்கிறார்கள். பள்ளியில் அந்த இனத்தவர் ஒருவரே என்றால், பெயரின்றியே அவர் யார் என்று நிர்வாகி அறிந்துகொள்வார். 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று எழுதிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வார். யாருடைய உணர்வை அறிய வேண்டுமோ அவரே வாய் திறக்க முடியாத நிலை! இதனால்தான் பல பள்ளிகளின் விடைகளை ஒன்றுசேர்த்துத் தொகுக்க வேண்டும் என்றும், பள்ளிக்குத் தொடர்பில்லாதவரே வினவ வேண்டும் என்றும், மிகச் சிறிய குழுவின் விடைகளைத் தனியே வெளியிடலாகாது என்றும் நெறி வகுத்துள்ளனர்.

வாசகர்களே, சிந்தித்துப் பாருங்கள். நம் இல்லத்துப் பெண்மக்களில் சிலர், ஆசிரியர் அறையில் தலைமறைத்து அமரும் ஒரே ஒருவராக இருக்கலாம். மாலையில் வீடு திரும்பும் அவர்களிடம் 'சம்பளம் வந்ததா?' என்று கேட்பதோடு, 'உன் சொல்லுக்கு அங்கே மதிப்பிருக்கிறதா?' என்றும் கேளுங்கள். நம்மவர் நடத்தும் பள்ளிகளிலும் பிற சமயத்து ஆசிரியர் ஒருவர் தனித்திருக்கலாம். ஆண்டுவிழா மேடையில் அவருக்கு முன்வரிசை நாற்காலி கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? பாடத்திட்டம் வகுக்கும்போதும், பொறுப்புகள் பகிரும்போதும் அவர் கருத்து கேட்கப்படுகிறதா என்பதே உண்மையான அளவுகோல். அந்த அளவுகோலைப் பிறர் பள்ளியில் வைத்துப் பார்க்கும் உரிமை, முதலில் நம் பள்ளியில் வைத்துப் பார்ப்பவருக்கே உண்டு.