பிடுங்கும் முன் ஒரு முறை பாருங்கள்!



ஆயுத பூஜை அன்று உங்கள் சைக்கிளுக்கு என்ன பூ கட்டுவீர்கள்? அப்பாவின் வண்டிக்கு, அம்மாவின் தையல் மிஷினுக்கு, ஊரில் ஓடும் பஸ்சுக்கு என்ன பூ? செண்டுமல்லி தானே! சில ஊர்களில் இதையே துலுக்கச் சாமந்தி என்பர். மஞ்சள் நிறத்தில் ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. அடர்ந்த சிவப்பும், பழுப்பும் கலந்த குட்டி ரகமும் உண்டு.

சரி, வெள்ளை நிறத்தில் செண்டுமல்லி பார்த்திருக்கிறீர்களா? உங்களில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் உலகத்தில் யாருமே நல்ல வெள்ளைச் செண்டுமல்லியைப் பார்த்ததில்லை. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். அதன் பிறகு, நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை.

பத்தாயிரம் டாலர் பூ

செண்டுமல்லி நம்ம ஊர்ச் செடி போலத் தோன்றினாலும், அதன் தாய் வீடு மெக்சிகோ. அங்கே இறந்த முன்னோரை நினைக்கும் திருநாளில், கல்லறை எல்லாம் இந்தப் பூவால் நிறைந்திருக்கும். கடல் கடந்து பல நாடுகளுக்குப் போனது. ஆங்கிலத்தில் ஒரு வகைக்கு ஆப்பிரிக்கச் செண்டுமல்லி என்றும், இன்னொரு வகைக்கு பிரெஞ்சு செண்டுமல்லி என்றும் பெயர். இரண்டுமே ஆப்பிரிக்காவிலோ, பிரான்சிலோ பிறந்தவை அல்ல. வேடிக்கையாக இல்லை?

அமெரிக்காவில் டேவிட் பர்ப்பி என்பவர், அப்பா தொடங்கிய விதைக் கம்பெனியை நடத்தி வந்தார். அவருக்குச் செண்டுமல்லி என்றால் உயிர். அதை அமெரிக்காவின் தேசிய மலராக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர். (அது நடக்கவில்லை. 1986ல் ரோஜா அந்த இடத்தைப் பிடித்து விட்டது.)

இந்த பர்ப்பி, 1954ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 'இரண்டரை அங்குல அகலத்தில், தூய வெள்ளை நிறத்தில் பூக்கும் செண்டுமல்லியின் விதையை யார் முதலில் அனுப்புகின்றனரோ, அவருக்கு 10,000 டாலர் பரிசு!' என்றார். நாடு முழுவதும் தோட்டம் போடுவோர் தேட ஆரம்பித்தனர். ஆண்டுகள் ஓடின. விதைகள் வந்தன. கம்பெனி விதைத்துப் பார்த்தது. கொஞ்சம் வெளிறிய மஞ்சள். இன்னும் கொஞ்சம் வெளிறிய மஞ்சள். வெள்ளை மட்டும் வரவில்லை.

21 ஆண்டுகள் கழித்து, 1975ல் பரிசு ஒருவருக்குக் கிடைத்தது. பெரிய விஞ்ஞானிக்கா? இல்லை. அயோவா மாநிலத்தில், சல்லி என்ற சிற்றூரில் வசித்த ஆலிஸ் வோங்க் என்ற அம்மாவுக்கு! அவர் செய்தது என்ன? வீட்டுத் தோட்டத்தில் செண்டுமல்லி விதைப்பார். பூத்ததும் எது மற்றதை விட வெளிறியிருக்கிறது என்று பார்ப்பார். அந்தச் செடியின் விதையை மட்டும் எடுத்து வைப்பார். மறு வருடம் அதை விதைப்பார். மறுபடியும் பார்ப்பார். இப்படியே ஏறக்குறைய 20 ஆண்டுகள்!

அயோவாவில் குளிர்காலத்தில் உறைபனி கொட்டும். செண்டுமல்லி தாங்காது. அதனால் வருடத்திற்கு ஒரே ஒரு முறை தான் விதைக்க முடியும். ஒரு வருடம் தவறான செடியைத் தேர்ந்தெடுத்தால், அந்த வருடமே வீண். அப்படியும் அந்த அம்மா விடவில்லை.

என் தவறு

இப்போது என் கதை. 1994ல், ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். பள்ளித் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு வரிசை கொடுத்து, செண்டுமல்லி போட்டிருந்தோம். எல்லாம் ஆரஞ்சு. ஒரு மாணவனின் வரிசையில் ஒரே ஒரு செடி மட்டும் வித்தியாசமாகப் பூத்தது. தயிரில் துளி மஞ்சள் தூள் விழுந்தது போல ஒரு நிறம்.

மறுநாள் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருகிறார். தோட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தச் செடி என் கண்ணை உறுத்தியது.

'டேய்... அந்த வெளுத்த செடியைப் பிடுங்கிப் போடு' என்றேன்.

'டீச்சர்... வேண்டாம் டீச்சர். இது மட்டும் வேற மாதிரி இருக்கு. விதை எடுத்து வெச்சுக்கிறேன் டீச்சர்...'

'கலரே இல்லாத பூ எதுக்குடா? வரிசை பார்க்க நல்லா இருக்க வேணாமா?'

அவன் பிடுங்கவில்லை, நின்று கொண்டே இருந்தான். நானே குனிந்து பிடுங்கினேன். அவன் அதை எடுத்துப் போய், மதியம் சோற்றுக்குக் கொண்டு வந்த டிபன் டப்பாவில் மண் போட்டு நட்டு வைத்தான். இரண்டு நாளில் வாடி விட்டது. அதிகாரி வந்தார், போனார். தோட்டத்தின் பக்கம் அவர் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஆலிஸ் வோங்க் பற்றிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. ஒரு விஞ்ஞானி கேட்க வேண்டிய கேள்வி. பாடம் நடத்த வேண்டிய நான், அவனிடம் பாடம் படித்திருக்க வேண்டும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லி விடுகிறேன். அந்தச் செடி புதிய ரகமாக இல்லாமலும் போயிருக்கலாம். பூ வெளிறுவதற்கு இரண்டு விதமான காரணம் உண்டு. ஒன்று, வளர்ந்த இடம்: நிழல், உரக் குறைவு, வெயிலில் காய்ந்த பழைய பூ. உரம் போதாத செடியில் இலையும் சேர்ந்து வெளிறும். இன்னொன்று, விதையிலேயே இருக்கும் குணம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி தான். விதையை எடுத்து, நல்ல மண்ணில், மற்ற செடிகளோடு சேர்த்து விதைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைச் செடியும் அப்படியே பூத்தால், குணம் விதையில் இருக்கிறது. அந்த ஒரு சோதனையைச் செய்ய நான் விடவில்லை. அது தான் என் தவறு.

இதனால் என்ன லாபம்?

'ஒரு வெள்ளைப் பூ வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? நாட்டுக்குச் சோறு கிடைக்குமா?' என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. வெள்ளைச் செண்டுமல்லி வந்த பிறகும், நம் மாலைகளில் மஞ்சளும், ஆரஞ்சும் தான் தொங்குகின்றன. உலகம் தலைகீழாகி விடவில்லை.

ஆனால், பூவைத் தேர்ந்தெடுக்கும் அதே கண் தான் நெல்லையும், கோதுமையையும் தேர்ந்தெடுக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திற்கு 1965ல் முதல் தலைமை இயக்குநர் ஆனவர், டாக்டர் பி.பி.பால். துரு நோயைத் தாங்கும் கோதுமை ரகங்களை உருவாக்கியவர். அவரே தான், ஓய்வு நேரத்தில் ஏராளமான புதிய ரோஜா ரகங்களையும் உருவாக்கினார். அதில் ஒரு வெள்ளை ரோஜாவுக்கு விஞ்ஞானி ஹோமி பாபாவின் பெயரை வைத்தார். ரோஜாவைப் பார்த்த கண்ணும், கோதுமையைப் பார்த்த கண்ணும் ஒன்று தானே!

பட்டாணிப் பூவை வைத்துப் பரம்பரைக் குணங்களின் கணக்கைக் கண்டுபிடித்த கிரிகோர் மெண்டல் யார் தெரியுமா? பள்ளியில் பாடம் நடத்தியவர். 1850ல், ஆசிரியருக்கான தேர்வில் தோற்றுப் போனவர்! ஊதாப் பூச் செடியையும், வெள்ளைப் பூச் செடியையும் கலந்தார். பிள்ளைகள் எல்லாம் ஊதா. 'வெள்ளை தொலைந்து விட்டது' என்று நாமாக இருந்தால் விட்டிருப்போம். அவர் விடவில்லை. அந்தப் பிள்ளைகளின் விதையை மறுபடி விதைத்தார். 705 செடிகள் ஊதாவாகவும், 224 செடிகள் வெள்ளையாகவும் பூத்தன. தோராயமாக மூன்றுக்கு ஒன்று. வெள்ளை தொலையவில்லை, ஒளிந்திருந்தது! இன்னொரு தலைமுறை காத்திருந்தவருக்கு அது தெரிந்தது.

'இப்போது தான் ஆய்வுக்கூடத்தில் மரபணுவையே மாற்றுகின்றனரே, இவ்வளவு பொறுமை எதற்கு?' என்றும் கேட்கலாம். ஜப்பானில் சன்டோரி என்ற நிறுவனம், நீல ரோஜா வேண்டும் என்று 1990ல் வேலையை ஆரம்பித்தது. பான்சி என்ற பூவின் மரபணுவை ரோஜாவில் சேர்த்தது. 2004ல் தான் அறிவிக்க முடிந்தது. 2009ல் தான் கடைக்கு வந்தது. அந்த ரோஜாவும் வானம் போல நீலமாக இல்லை. இளம் ஊதா போலத் தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்திலும் பொறுமை தான் முதல் கருவி.

நீங்களும் செய்யலாம்

நம் ஊர்களில் பெரும்பாலும் உறைபனி கிடையாது. செண்டுமல்லி விதைத்து இரண்டு மாதம் போலக் காத்திருந்தால் பூக்கும். பூ காய்ந்து விதை முற்ற இன்னும் ஒரு மாதம் வைத்துக் கொள்ளுங்கள். வருடத்திற்கு இரண்டு முறை நிச்சயம் விதைக்கலாம். ஆலிஸ் அம்மா 20 ஆண்டுகளில் பார்த்ததை, நீங்கள் 10 ஆண்டுகளில் பார்த்து விடலாம். எட்டு வயதில் ஆரம்பித்தால், கல்லூரி போகும் போது கையில் 20 தலைமுறை விதை இருக்கும்!

செய்ய வேண்டியது இது தான்.

முதலில், என்ன வேண்டும் என்று ஒன்றே ஒன்றை முடிவு செய்யுங்கள். வெளிறிய நிறமா, குட்டைச் செடியா, பெரிய பூவா? எல்லாம் வேண்டும் என்றால் எதுவும் கிடைக்காது.

இரண்டாவது, பிடித்த செடியில் ஒரு கலர் நூல் கட்டுங்கள். மொட்டு விரியும் முன், மெல்லிய கொசுவலைத் துணியில் பை தைத்து மூடுங்கள். இல்லாவிட்டால், தேனீயும், வண்ணத்துப்பூச்சியும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டு வந்து கலந்து விடும். பை போட்ட பூவில் விதை குறைவாகவே பிடிக்கும். அதனால் நீங்களே தேனீ ஆகுங்கள். அதே நிறமுள்ள இன்னொரு பூவிலிருந்து, பெயின்ட் பிரஷ்ஷால் மகரந்தத்தை எடுத்து மெல்லத் தடவி விடுங்கள்.

மூன்றாவது, பூ நன்றாகக் காய்ந்ததும் விதையை எடுங்கள். கறுப்பாக, நீளமாக, நுனியில் வெளிர் நார் வைத்திருக்கும். காகித உறையில் போட்டு, தேதியும், எந்தச் செடி என்பதும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

நான்காவது, நோட்டு. எத்தனை செடி முளைத்தது, எத்தனை எந்த நிறத்தில் பூத்தது என்று எண்ணி எழுதுங்கள். மெண்டலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பட்டாணி மட்டுமல்ல. அந்த எண்ணிக்கையும் தான்.

கடையில் வாங்கும் விதைப் பாக்கெட்டில் 'எஃப் 1' என்று போட்டிருந்தால், அதன் விதையை எடுத்து விதைக்கும் போது தாயைப் போலவே வராது. பல விதமாக வரும். ஏமாற்றி விட்டனர் என்று நினைக்காதீர்கள். அது கலப்பினம், இரண்டு பெற்றோரின் குணங்களும் பிரிந்து வெளியே வருகின்றன. தேடுகிறவருக்கு அது கொண்டாட்டம்!

நம் மதுரை வேளாண்மைக் கல்லூரியும் 'எம்.டி.யு. 1' என்று ஒரு செண்டுமல்லி ரகத்தைத் தந்திருக்கிறது. 2001ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி, விஞ்ஞானி மட்டுமல்ல, ஒரு விவசாயியும் தான் உருவாக்கிய ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்யலாம். எனவே, 'இதெல்லாம் பெரிய படிப்பு படித்தவர் வேலை' என்று ஒதுங்காதீர்கள்.

என் கோரிக்கை

பள்ளித் தோட்டத்தில் எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கட்டும், தவறில்லை. ஆனால், ஓரத்தில் ஒரே ஒரு வரிசையை 'வேறு மாதிரி வரிசை' என்று ஒதுக்கச் சொல்லி, உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். வித்தியாசமாக முளைத்த எந்தச் செடிக்கும் அங்கே இடம் உண்டு. ஒரு தலைமுறை விதைத்துப் பாருங்கள். நன்றாக இல்லையா, அப்போது தாராளமாகப் பிடுங்குங்கள். ஆலிஸ் அம்மாவும் ஆயிரம் செடிகளை ஒதுக்கித் தான் ஒன்றை வைத்துக் கொண்டிருப்பார். ஆனால், அவர் பார்த்து விட்டு ஒதுக்கினார். நான் பார்க்காமல் பிடுங்கினேன். வித்தியாசம் அவ்வளவு தான்.

இந்தப் பக்கத்தை ஆசிரியர்கள் யாராவது படித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வரிசை தவறிய செடியை ஒரு பிள்ளை பிடுங்காதே என்று சொன்னால், 'ஏன்?' என்று ஒரு முறை கேட்டு விடுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பர். ஆடியில் விதைத்தால், ஆயுத பூஜைக்குப் பூ வந்து விடும். வண்டிக்கு மாலை கட்டுவதற்கு முன், கூடையில் இருக்கும் பூக்களை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் வெளிறிய ஒன்றை மட்டும் எடுத்து, செடியிலேயே விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றினால்... அடுத்த முறை பறிக்கும் முன்பே பார்ப்பீர்கள் தானே!

அந்த டிபன் டப்பாப் பையன் இப்போது எங்கோ நாற்பது வயதைத் தாண்டியிருப்பான். அவன் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படித்தால், அப்பாவிடம் சொல்லுங்கள்... டீச்சர் மன்னிப்புக் கேட்டார் என்று.