விளம்பரப் படத்தின் பொய்க்கு யார் பொறுப்பு?

பத்திரிகையின் முதற் பக்கத்தில் வெளியாகும் செய்திப் படத்தின் கீழே அதை எடுத்தவரின் பெயர் இருக்கும். அதே பக்கத்தின் அரைவாசியை நிரப்பும் விளம்பரத்தின் படத்தை எடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. எங்கள் சம்பளத்திலும் அச்சுத்தாளின் செலவிலும் பெரும்பங்கு அந்த விளம்பரத்திலிருந்துதான் வருகிறது என்பதைப் பத்திரிகைத் தொழில் அறிந்தோர் யாவரும் அறிவர். இருந்தும் அந்தப் படத்தை ஆக்கியவர் பெயரற்றவர். அது மட்டுமா? அவரைக் 'கூலிக்குப் பொய் சொல்பவர்' என ஏளனம் செய்யும் அறிவுசீவிகளும் நம்மிடையே உள்ளனர். இந்த ஏளனம் அறியாமையின் விளைவு என்பதே என் வாதம்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். ஒரு கண்ணாடிப் போத்தலைப் படமெடுப்பது எளிதன்று. கண்ணாடிக்குத் தனக்கென ஒரு தோற்றம் இல்லை. சுற்றியுள்ள அனைத்தையும் அது பிரதிபலிக்கும். கமராவையும், கூரையையும், படமெடுப்பவரின் சட்டையையுங்கூட. ஆகவே போத்தலின் விளிம்பு தெரிவதற்கு இருபுறமும் கறுப்பு அட்டைகளை நிறுத்த வேண்டும். உள்ளிருக்கும் பானம் ஒளிர்வதற்குப் போத்தலின் வடிவிலேயே வெட்டிய வெள்ளி அல்லது பொன்னிற அட்டையைப் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். விளக்கின் சூட்டில் உலர்ந்துவிடாதிருக்க நீர்த்துளிகளுக்குக் கிளிசரின் கலக்க வேண்டும். ஒரேயொரு படத்திற்கு ஒரு முழு நாள் செலவாவது இத்துறையில் சாதாரணம். இது உழைப்பு, கற்றுத் தேறிய அறிவு.

'உழைப்பு இருக்கலாம், கலை இல்லை' என்பது அடுத்த வாதம். 1955 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 'மனிதக் குடும்பம்' என்ற உலகப் புகழ்பெற்ற கண்காட்சியைத் தொகுத்த எட்வர்ட் ஸ்டைக்கன், 1920 களில் ஜே. வோல்டர் தொம்சன் விளம்பர முகவரகத்திற்காகக் கைகளுக்குப் பூசும் களிம்பைப் படமெடுத்தவர். போல் அவுட்டர்பிரிட்ஜ் 1922 இல் ஒரு சட்டைக் கழுத்துப்பட்டியைச் சதுரங்கப் பலகை மீது வைத்து எடுத்த விளம்பரப் படம் இன்று புகைப்பட வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. ஏர்விங் பென் 1968 முதல் கிளினிக் நிறுவனத்திற்காக, அழகிகள் எவரையும் நிறுத்தாமல், போத்தல்களையும் குழாய்களையும் மட்டுமே படமாக்கினார். இவற்றைக் கலை அல்ல என்று ஒதுக்குவோர், அரசர்களின் பணத்திற்குப் பாடிய நம் புலவர்களையும் ஒதுக்கத் தயாரா?

இனிப் பொய்யின் கதைக்கு வருவோம். குற்றச்சாட்டு பாரதூரமானது, அதை மழுப்பக் கூடாது. அமெரிக்காவின் கேம்பல் சூப் நிறுவனம் தன் விளம்பரங்களில் கிண்ணத்தின் அடியில் சிறுவர் விளையாடும் கண்ணாடிக் குண்டுகளை இட்டு, அவற்றின் மேல் காய்கறித் துண்டுகள் நிறைந்து நிற்பதாகக் காட்டியது. கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு தலையிட்ட பின், 1970 இல் அவ்வழக்கத்தைக் கைவிட இணங்கியது. கொல்கேட் பாமோலிவ் நிறுவனமோ தனது சவரக் களிம்பு மணற்கடதாசியையே மழித்துவிடும் என்று தொலைக்காட்சியில் காட்டியது. மழிக்கப்பட்டது மணற்கடதாசி அன்று. மணல் தூவிய பிளாஸ்டிக் தகடு. 1965 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை ஏமாற்று என்றே தீர்த்தது.

அத்தீர்ப்பில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. விளக்குச் சூட்டில் ஐஸ்கிறீம் உருகிவிடும் என்பதற்காக மசித்த உருளைக்கிழங்கைப் படத்தில் வைப்பது வேறு. பொருளின் தரத்திற்குச் சாட்சியம் என்று கூறிப் போலியைக் காட்டுவது வேறு. முன்னது மேடைப் பொருள். பின்னது பொய்ச்சாட்சி. அந்தச் சாட்சியைச் சோடித்த குற்றத்திற்கு நீதிமன்றம் பொறுப்பாளியாக்கியது யாரை? நிறுவனத்தையும் அதன் விளம்பர முகவரகத்தையும்! கமராவுக்குப் பின்னால் நின்றவரை அன்று. சட்டம் அன்றே கண்ட உண்மையை நம் விமர்சகர்கள் இன்னும் காணவில்லை.

ஆயினும் சட்டத்திற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து எடுப்பித்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிடில், எடுப்பித்தவரே. பிரித்தானியா தனது 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அந்நிலையை மாற்றி, எடுத்தவரையே உரிமையாளராக்கியது. ஆனால் அதே சட்டம், பத்திரிகை, சஞ்சிகைகளில் வெளியிடுவதற்கென ஆக்கப்படும் படைப்புகளுக்குப் பெயர் குறிப்பிடப்படும் உரிமை செல்லாது என்றும் விதித்துவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பது என்பது இதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது, பணம்தான் கிடைக்கிறதே என்பர் சிலர். எல்லாமே பெயரில்தான் இருக்கிறது. தன் பெயரோடு வெளிவரும் செய்தியில் பொய்யைச் சேர்க்கச் சொன்னால் நிருபன் மறுக்கிறான். நாளை அப்பெயரோடுதான் அவன் தெருவில் நடக்க வேண்டும். பெயரில்லாதவனுக்கு மறுப்பதற்கான பிடிமானம் எது? கிண்ணத்தில் குண்டைப் போடு என்றால் போட வேண்டியதுதான். மறுத்தால் இன்னொரு பெயரற்றவன் வந்து போடுவான். பெருமையை மறுத்துவிட்டுப் பழியை மட்டும் அவன் தலையில் சுமத்துவது எந்த நீதி?

இன்று நிலைமை மேலும் மோசமடைந்துள்ளது. ஐக்கியா நிறுவனம் 2006 இல் ஒரு மர நாற்காலியைக் கமராவின்றிக் கணினியிலேயே வரைந்து தன் விபரப்பட்டியலில் சேர்த்தது. 2014 அளவில் அதன் பொருட்படங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி அவ்வாறு ஆக்கப்பட்டவையே. இப்போதோ, சில சொற்களைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு பனித்துளி படிந்த போத்தலைக் காட்டுகிறது. அந்தப் பனித்துளியை அது எங்கே கற்றது? இணையத்தில் குவிந்து கிடக்கும் கோடானுகோடிப் படங்களிலிருந்து. அவற்றில் பெயரற்றவர்கள் கறுப்பு அட்டையும் கிளிசரினும் கொண்டு ஆக்கியவையும் அடக்கம். பெயர் இல்லாத உழைப்பு களவுபோனால் முறைப்பாடு செய்யவும் ஆளில்லை.

இப்போது பொய்க்கும் புதிய வசதி பிறந்துள்ளது. முன்பு கிண்ணமாவது உண்மை, சூப்பாவது உண்மை. இனிப் பொருளே கமராவின் முன் வரத் தேவையில்லை. மணற்கடதாசிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை வைத்த கைகளையாவது விசாரிக்க முடிந்தது.

ஆகவே கோரிக்கை மூன்று. விளம்பரப் படத்தின் ஓரத்தில் எடுத்தவரின் பெயர் இடப்பட வேண்டும். சிறிய எழுத்துப் போதும். எழுத்துமூல உடன்பாடின்றி உரிமை எடுப்பித்தவருக்குப் போகக் கூடாது. கமராவின்றி ஆக்கப்பட்ட படமெனில் அதுவும் அங்கேயே சொல்லப்பட வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்திரிகைகள் தம் விளம்பரப் பிரிவுகளின் நிபந்தனைகளில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் முதலாவதும் மூன்றாவதும் நாளையே நடைமுறைக்கு வரும். உண்மையைப் பற்றி ஆசிரியத் தலையங்கம் தீட்டும் நாம், அந்தத் தலையங்கத்துக்குப் பக்கத்தில் பணம் வாங்கிப் போடும் படத்திற்கும் அதே அளவுகோலை வைக்கத் தயங்குவது ஏன்?