அப்படியும் நடக்குமா?

ஜாதியினாலோ நிறத்தினாலோ தமக்கு நேர்ந்த இழிவை ஒருவர் சொன்னால், நண்பர்கள் உடனே நீதிபதிகளாகி விடுகிறார்கள். "அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார்; நீர்தான் தவறாக எடுத்துக் கொண்டீர்!" என்று தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள். விசாரணை மட்டும் கிடையாது. சிறு விஷயத்தில் பழகிய இவ்வழக்கம் பெரிய விஷயத்திலும் விடுவதில்லை.

நமது தர்மபுரி ஜில்லாவின் வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20-ல் வனத்துறையினரும் போலீஸாரும் சந்தனக்கட்டைச் சோதனை என்று புகுந்து, அம் மலைவாழ் மக்களின் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். "சர்க்கார் உத்தியோகஸ்தர்களா அப்படிச் செய்வார்கள்?" என்றவர்கள் உண்டு. 2011-ல் தர்மபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்றது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பொய்யென்று தள்ள ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது; மெய்யென்று நிலைநாட்ட 19 வருஷம் ஆயிற்று. ஆகையால், நண்பர் வாய் திறந்தால் முதலில் முழுவதையும் கேட்போம்.