மெல்லிய துணியும் ஓர் உள்துணியும்

 

பெருநாள் நெருங்கினால் நம் வீடுகள் பலவற்றில் ஒரு பூசல் எழுவது வழக்கம். மகள் ஜார்ஜெட்டிலோ ஷிஃபானிலோ ஆடை கேட்கிறாள். "உடம்பு தெரியும் துணியை ஈமான் உள்ள பிள்ளை கேட்பாளா?" எனப் பெற்றோர் சீறுகின்றனர். இந்தக் கடுமை சுன்னத்தின் வழிதானா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் 'குப்திய்யா' எனும் எகிப்திய ஆடையொன்றை வழங்கினார்கள். உஸாமா அதைத் தம் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அது உடலின் அமைப்பை வெளிக்காட்டிவிடுமோ என அஞ்சிய நபியவர்கள், அதற்கடியில் ஓர் உள்ளாடை அணியுமாறு மனைவியிடம் சொல்லும்படி பணித்தார்கள். இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் அந்த ஆடையைக் களையச் சொல்லவில்லை, அப்பெண்மணியைப் பழிக்கவுமில்லை. குறையை நீக்கும் வழியைக் காட்டினார்கள்.

ஆடை மறைப்பதற்கும் அலங்காரத்திற்கும் அருளப்பட்டது என்று அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் கூறுகிறது. எனவே அழகை விரும்புவது குற்றமன்று. அதே வேளையில், தோலின் நிறம் தெரியும் துணி தொழுகைக்குரிய மறைப்பாகாது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும் உறுதியாக உள்ளன. மேல்துணி அலங்காரமாகவும் உள்துணி மறைப்பாகவும் அமைந்தால் இரண்டும் நிறைவேறும்.

கடைகளில் கிடைக்கும் ஆயத்த ஆடைகள் பலவற்றில் லைனிங் முழங்காலோடு நின்றுவிடுகிறது. கைகளுக்கு இருப்பதே இல்லை. ஆகவேதான் உள்துணி வைத்த ஆடையை வீட்டிலேயே தைக்கப் பழகுங்கள் என்கிறோம்.

அது கடினமான கலையன்று. பருத்தி லைனிங்கை வெட்டுமுன் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். இல்லையெனில் முதல் சலவையிலேயே சுருங்கி மேல்துணியையும் இழுத்துவிடும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டி, தோளையும் பக்கங்களையும் தனித்தனியே தைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்துக் கழுத்தைத் தைத்து உள்ளே புரட்டினால், பிசிறுகள் யாவும் இரு துணிகளுக்கிடையே மறைந்துவிடும். கீழ் ஓரத்தில் இரண்டையும் சேர்த்துத் தைக்கலாகாது. உள்துணி 1 அங்குலம் குறைவாக, தனியே மடித்துத் தைக்கப்பட்டுத் தொங்க வேண்டும்; அப்போதுதான் மேல்துணி சீராக விழும். கைகளுக்கும் உள்துணி கட்டாயம் வையுங்கள். முடிந்ததும் உள்ளே கையை விட்டுச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். விரல்கள் தெரியாவிட்டால் வேலை நிறைவு.

இதைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக்கிவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். மகனுக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியட்டும்.

கண்டிப்பால் வரும் மறைப்பு, கண்டிப்பவர் அகன்றதும் அகன்றுவிடக்கூடும். தாயும் மகளும் எந்திரத்தின் முன் அமர்ந்து பேசிக்கொண்டே தைத்த ஆடையில் நாணமும் அன்பும் சேர்ந்தே இருக்கும். உள்துணியை எவரும் பார்ப்பதில்லை, பாராட்டுவதுமில்லை. ஆயினும் அந்த ஆடையைத் தகுதியுடையதாக்குவது அதுவே. தக்வாவும் அத்தகையதே.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தக்வா எனும் சிறந்த ஆடையை அணிவிப்பானாக! ஆமீன்.