வீட்டு வரி: நியாயமான அளவு எது?

டில்லியில் சொந்த வீடு தேடிக்கொண்ட நம் குடும்பங்களில், கோடை பிறந்ததும் எழும் பேச்சுகளுள் ஒன்று வீட்டு வரி. பெரும்பாலும் அப்பேச்சு ‘அதிகம்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. எதைவிட அதிகம், எந்த அளவுகோலால் அதிகம் என்று வினவுவார் குறைவு. இத்திங்கள் நாம் அதனை வினவிப் பார்ப்போம்.

1957-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம், ஒரு வீடு என்ன வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட்டு, அம்மதிப்பின்மீது வரி விதித்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1958-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கட்டடம் எழுந்த நாளின் நிலவிலையையும் கட்டுமானச் செலவையும் கொண்டு நிலையான வாடகையை வகுத்தது. அந்த வாடகைக்கு மேல் வரிமதிப்பு போகலாகாது என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் பயன் என்ன? ஒரே தெருவில், ஒரே அளவில், ஒரு வீடு 1960-இலும் அதனையடுத்து மற்றொன்று 1980-இலும் கட்டப்பட்டிருந்தால், பின்னவர் முன்னவரைப்போல் பன்மடங்கு வரி சுமந்தார். இருவர் வீட்டுக் குப்பையையும் அள்ளிச் சென்றது ஒரே வண்டிதான்! மதிப்பிடும் அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கும் அம்முறையில் இடமிருந்தது.

2004-இல் அம்முறை மாறிற்று. காலனிகள் ஏ முதல் எச் வரை எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு சதுர மீட்டருக்கு ஏ வகையில் ஆண்டுக்கு 630 ரூபாய், டி வகையில் 320, எச் வகையில் 100 என அடிப்படை மதிப்புகள் வகுக்கப்பட்டன. இதனைக் கட்டடப் பரப்பால் பெருக்கி, வயது, கட்டுமானம், பயன்பாடு, குடியிருப்பவர் உரிமையாளரா வாடகைதாரரா என்னும் காரணிகளாலும் பெருக்க வேண்டும். 1960-க்கு முன் கட்டிய வீட்டுக்கு வயதுக் காரணி 0.5, 2000-க்குப் பிந்தியதற்கு 1.

டி வகைக் காலனியில், 1985-இல் கட்டிய 80 சதுர மீட்டர் வீட்டில் உரிமையாளரே குடியிருக்கிறார் எனக் கொள்வோம். 80-ஐ 320-ஆலும், வயதுக் காரணியாகிய 0.8-ஆலும் பெருக்கினால் ஆண்டு மதிப்பு 20,480 ரூபாய். வரி 11 விழுக்காடு என்றால் 2,253 ரூபாய். பள்ளிப் பிள்ளையும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பு என்போம்.

குறை இல்லாமலில்லை. ஏ வகைக்கும் எச் வகைக்கும் அடிப்படை மதிப்பில் வேறுபாடு ஆறு மடங்குக்குச் சற்று மேல். வசந்த விஹாரின் நிலவிலைக்கும் நகரின் கடைக்கோடிக் காலனியின் விலைக்கும் உள்ள தூரம் அவ்வளவில் நிற்பதா? செல்வர் வாழும் பகுதிக்கு இம்முறை சலுகை காட்டுகிறது என்றே நாம் கருதுகிறோம். மறுபுறம், புதர் மண்டிக் கிடந்த நாளில் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து வீடு வாங்கிய குமாஸ்தா, இன்று ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறார். சுற்றிலும் விலை ஏறியதால் அவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை. அத்தகையோர் வரியை வீடு கைமாறும் நாள்வரை ஒத்திவைத்து, அப்போது வட்டியின்றிப் பெற்றுக்கொண்டால் நகராட்சிக்கும் நட்டமில்லை, முதியவருக்கும் துன்பமில்லை. வரியே வேண்டாம் என்பது நம் கட்சியன்று; விளக்கும் சாக்கடையும் அதனால்தான் நடக்கின்றன.

இருக்கும் சலுகையையேனும் நம்மவர் பெறுகின்றனரா? மூத்த குடிமக்கள், பெண்கள், உடற்குறையுடையோர், முன்னாள் படைவீரர் ஆகியோர் தாமே வாழும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை 30 விழுக்காடு தள்ளுபடி அமைந்துள்ளது. மேற்சொன்ன 2,253 ரூபாய் அதனால் 1,577 ஆகிவிடும். வீடு மறைந்த தந்தையார் பெயரிலேயே கிடந்தால் இத்தள்ளுபடியைக் கேட்பதும் கடினம். ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் திரும்பி, இங்குள்ள வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் அதனை மறைக்காமல் குறித்தல் வேண்டும். அவர்களுக்குச் சலுகை இல்லை. ஜூன் 30-க்குள் ஆண்டு முழுமைக்கும் செலுத்துவோருக்குத் தனித் தள்ளுபடியும் உண்டு. ஜாதகக் கட்டோடு தகரப்பெட்டியில் உறங்கும் பழைய ரசீதுகளை எடுத்து, கட்டிய ஆண்டையும் பரப்பையும் இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.