பிள்ளை பார்ப்போர்க்குப் பயிற்சி வேண்டாமா?

பனை ஏறப் பயிற்சி வேண்டும். படகு செலுத்தப் பயிற்சி வேண்டும். பாறை பிளக்கவும் பயிற்சி வேண்டும். உளி பிடிக்கத் தெரியாதவன் கையில் கல் சிலையாவதில்லை என்பதைக் கருங்கல் என்றே பெயர் தாங்கிய ஊராருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைகள் இருபது பேரை ஒருத்தியின் கையில் ஒப்படைக்கும்போது மட்டும், “பிள்ளைகளை விளையாடவிட்டுப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி வேறா?” என்று கேட்போர் உண்டு. படித்தவர் கேட்கின்றனர், பதவியில் இருப்போர் கேட்கின்றனர். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், மேடையேறி உழைப்பாளர் உரிமை முழங்கும் நம்மவரிலும் சிலர் கேட்கின்றனர்.

அவர்களுக்கு விடை கூறவே இக்கட்டுரை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்றுத் தமிழகத்தின் முதல் மாவட்டமாக நின்றது குமரி. பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்தப் பெருமையின் நிழலிலேயே ஒரு மயக்கமும் வளர்ந்துவிட்டது. நாத் திருந்துமுன் கையில் பென்சில். நடை பழகுமுன் முதுகில் பை. விளையாட்டு என்றால் வீண்பொழுது. எழுத்து என்றால்தான் கல்வி! வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வேன் ஏறிக் கான்வென்டுக்குப் போகிறது. சந்தையில் கூடை சுமப்பவள் பிள்ளையும், ஊரார் ‘அண்டி ஆபீஸ்’ என்றழைக்கும் முந்திரி ஆலையில் பருப்பு உடைப்பவள் பிள்ளையும் பால்வாடிக்கு வருகின்றன. அங்கே அவற்றை வரவேற்பவள், விளையாட்டின் மதிப்பறிந்தவளாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் பேறு பெற்றவை. இல்லையேல் உண்டு உறங்கி வீடு திரும்பும், அவ்வளவே!

தமிழன் இதை அறியாதவனா? பிள்ளைத்தமிழ் என்றொரு சிற்றிலக்கிய வகையையே படைத்தவன் அவன். செங்கீரை, சப்பாணி, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாலாயின் கழங்கு, அம்மானை, ஊசல் எனவும், குழந்தையின் வளர்ச்சியை அதன் ஆடலைக் கொண்டே பருவம் பருவமாகப் பகுத்தான். தலை நிமிர்த்துவது ஒரு பருவம். கை கொட்டுவது ஒரு பருவம். மணல்வீடு கட்டுவது ஒரு பருவம். இன்ன பருவத்தில் இன்ன ஆடல் என்று உற்று நோக்கியவன் வழிவந்த நாம், ‘விளையாட்டைப் பார்த்துக்கொள்வதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பது பொருந்துமா?

என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு பிள்ளை சிரட்டையில் மணலை அள்ளிக் கொட்டி மீண்டும் அள்ளுகிறது. பயிற்சி இல்லாதவள், “மண்ணில் விளையாடாதே!” என்று அதட்டுகிறாள். பயிற்சி பெற்றவள், அது அளவை கற்கிறது என்று கண்டு, பெரிய சிரட்டை ஒன்றை அருகே வைத்துவிட்டு விலகி நிற்கிறாள். எப்போது தலையிடுவது, எப்போது வாளாவிருப்பது என்பதே இத்தொழிலின் உயிர்நிலை. தாழ்ந்த கிளையில் ஏறும் பிள்ளை தன் வலிமையைத் தானே எடைபோடுகிறது, அதைத் தடுக்கலாகாது. மணலில் புதைந்த துருப்பிடித்த ஆணியைப் பிள்ளை அறியாது. அதை அகற்றியே தீரவேண்டும். கைதட்டி ஆடும் ஆட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் எப்போதும் பிந்துகிறதென்றால் காது கேட்கிறதா என்று ஐயுற வேண்டும். இவையெல்லாம் தாய்மை ஒன்றினால் வந்துவிடுவன அல்ல. கற்று, களத்தில் பழகி, பிழை திருத்தி வருவன.

உலகம் இதை எப்போதோ உணர்ந்தது. 1943இல், ஜெர்மானியப் படையின் பிடியில் டென்மார்க் இருந்தபோது, கோபன்ஹேகன் நகரத்து எம்ட்ரப் குடியிருப்பில், பலகையும் செங்கல்லும் கொடுத்துப் பிள்ளைகளைத் தாமே கட்டி விளையாடவிட்ட திடல் ஒன்று பிறந்தது. அதன் முதல் பொறுப்பாளர் ஜான் பெர்டல்சன் மழலையர் கல்வியில் பயிற்சி பெற்றவர். போருக்குப் பின் அந்த எண்ணம் பிரிட்டனுக்குச் சென்றது. குண்டு விழுந்து பாழான மனைகள் ஆடுகளங்களாயின. விளையாட்டுப் பணி என்பதே அங்கு ஒரு தொழிலாயிற்று.

நம் நாட்டிலும் விதை விழாமலில்லை. 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். ஆனால் அவர் பெயர் இன்று பெரிதும் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அன்றோ தொங்குகிறது! ஏழைப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் பலர் உழைக்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அது பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றும் அன்றே எழுதி வைத்தது. எழுத்து ஏட்டில் நின்றது. தூளி மரத்தில் தொங்கியது.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. இன்று தமிழகத்தில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள். அரிய சாதனை! ஆனால் பணியாளர்க்கு வகுக்கப்பட்ட பணிப் பயிற்சி 26 வேலைநாள். அதற்குள் ஊட்டச்சத்து, தடுப்பூசி, எடை, கருவுற்றோர் நலம், பதிவேடு அத்தனையும் அடக்கம். ஆடலுக்கு எத்தனை நாழிகை எஞ்சும்? 2023இல் ஒன்றிய அரசு ‘போஷண் பீ, படாயீ பீ’ என்று ஒன்றைத் தொடங்கி மூன்று நாள் வகுப்பு நடத்தியது. மூன்று நாளில் தச்சனை உருவாக்க முடியுமா? மூன்று நாளில் தறி நெய்யக் கற்பிக்க முடியுமா?

2019 சனவரியில் தமிழகத்து அங்கன்வாடிகள் 2,381இல் மழலையர் வகுப்புகள் திறக்கப்பட்டன. தொடக்கப்பள்ளிக்கெனப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்களை அங்கு அனுப்பினர். அவர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பிற்று. மழலையர்க்கான பயிற்சி தங்களுக்கு இல்லை என்றனர். அந்த வாதத்தில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது: ஆறு வயதுக்குரிய கல்வி வேறு, மூன்று வயதுக்குரிய கல்வி வேறு.

“நம் தாய்மார் பயிற்சி பெற்றா நம்மை வளர்த்தனர்?” என்று மடக்குவர். ஆம், பெற்றனர்! பாட்டியிடம் பெற்றனர், அக்காளிடம் பெற்றனர், ஒரு தெருவே அவர்களுக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தது. அப்படிப் பயின்றும் அவர்கள் வளர்த்தது தம் வீட்டுப் பிள்ளைகளை. இவளோ ஊரார் பிள்ளைகள் இருபது பேரை ஒரே அறையில் பேணுகிறாள். பாட்டியும் இல்லை, தெருவும் இல்லை.

“பணம் ஏது?” என்பர். 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு தன் மதிப்பூதியத்தை மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தியதைச் சாதனையென்று சாற்றிக்கொண்டது. பணிக்கொடை பெற அவர்கள் உரியவரே என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஊதியம் என்ற சொல்லுக்கே தகுதியற்றவராக ஒருவரை வைத்துவிட்டு, அவரிடம் தொழில்திறனை மட்டும் எதிர்பார்ப்பது அறமாகுமா? பயிற்சியும் ஊதியமும் இரட்டை மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டால் வண்டி குடை சாயும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. அழைத்து உட்காரவைத்துச் சொற்பொழிவாற்றும் வகுப்புகள் போதா. தேர்ந்த பணியாளர் ஒருவரின் மையத்தில் வாரக்கணக்கில் உடனிருந்து பழகும் பயிற்சி வேண்டும். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். பயின்றவர்க்குப் பதவி உயர்வும் ஊதிய உயர்வும் கிட்ட வேண்டும். பதிவேட்டிலும் கைப்பேசிச் செயலியிலும் அவர் பொழுது கரைவது குறைய வேண்டும். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற அழகிய பெயரில் பாடத்திட்டம் நம்மிடம் உண்டு. அதில் அந்தந்த ஊரின் ஓலைக் காற்றாடியும் பனங்காய் வண்டியும் இடம்பெற வேண்டும். கருங்கல் பிள்ளை வீட்டிலே பேசும் தமிழைக் கேட்டு நகைக்காத செவியும் பயிற்சியால் வரவேண்டும். 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக்கு அஞ்சாது தாய்மொழிக்காக நின்ற மண்ணின் பிள்ளை, தன் முதல் வகுப்பறையிலேயே தன் பேச்சுக்கு நாணலாமா?

தோழர்களே! சாலை கேட்டு மனுக் கொடுக்கிறோம். குடிநீர் கேட்டு மறியல் செய்கிறோம். நம் கிளைக்கு அருகிலுள்ள பால்வாடிக்குள் எத்தனை பேர் நுழைந்து பார்த்திருக்கிறோம்? வரும் வாரமே செல்லுங்கள். கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த அம்மையாரிடம், “உங்களுக்குப் பயிற்சி எப்போது கிடைத்தது? இன்னும் எது தேவை?” என்று மதிப்போடு கேளுங்கள். அவர் சொல்வதைத் தீர்மானமாக்குங்கள். ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் ஒலிக்கச் செய்யுங்கள்.

கல்லைச் செதுக்குபவனைச் சிற்பி என்று போற்றுகிறோம். பிள்ளையைச் செதுக்காமல், அது தானே மலரத் துணை நிற்பவளை ‘ஆயா’ என்று அழைத்துவிட்டுக் கடந்துபோகிறோம். அந்த இழிநிலை ஒழியட்டும்!